நோக்குளிசை ஊருக்கு ஊர் வேறாவது ஏன்? வெளிநாட்டுக் குளிசையை இங்கே எடுக்கும்போது எங்கே பிழைக்கிறது?

#1 — மருந்தாளர்_கொழும்பு06

ரொறன்ரோவிலிருந்து ஒரு போத்தல், லண்டனிலிருந்து ஒரு பெட்டி, சென்னைக்குப் போய்வந்தவர் கொண்டுவந்த இரண்டு மூன்று காட். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீட்டு மருந்துப் பெட்டிகள் இப்படித்தான் இருக்கின்றன. அதற்கு மேல் பக்கத்துப் பாமசியில் வாங்கிய டைக்ளோபெனக் வேறு. பெட்டி நிறம் வேறு, பெயர் வேறு. ஆனால் பெரும்பாலும் எல்லாம் ஒரே குடும்பம். அழற்சியைக் குறைக்கும் நோக்குளிசைகள். ஒன்றை எடுத்துக் கேட்கவில்லை என்று மற்றதையும் எடுத்தால் நோ இரட்டிப்பாகக் குறையாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கெடுதி மட்டும் கூடும்.

எதில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வோல்டரன், கட்டாஃப்லாம் இரண்டும் டைக்ளோபெனக். முதலாவது சோடியம் உப்பு, இரண்டாவது பொற்றாசியம் உப்பு. அட்வில், நியூரோஃபென், புரூஃபன் மூன்றும் ஐபுபுரூஃபன். அலீவ் என்பது நப்ரொக்சன் சோடியம் 220 மி.கி.; அதில் நப்ரொக்சன் 200 மி.கி. இருக்கிறது. பொன்ஸ்டான், மெஃப்டல் இரண்டும் மெபனமிக் அசிட். ஆர்கோக்சியா எற்றோரிகொக்சிப். பனடோலும் ரைலனோலும் பரசிற்றமோல். அவை இந்தக் குடும்பத்தில் சேராதவை.

வட அமெரிக்கப் போத்தல்களில் 'பி.எம்.' என்று போட்டிருந்தால் உள்ளே தூக்கம் வரவைக்கும் டைபென்ஹைட்ரமீனும் இருக்கும். வயதானவர்களுக்கு அதனால் தடுமாற்றம், சிறுநீர் அடைப்பு வரலாம். 'கோல்ட் அன்ட் சைனஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் சூடோஎபெட்ரின் கலந்திருக்கும். பிரஷர் உள்ளவருக்கு அது ஆகாது. முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் 'செயற்படும் பொருள்' என்றிருக்கும் வரியைப் பாருங்கள்.

#2 — தெஹிவளை_சுதா

அண்ணா, ஒரு கேள்வி. லண்டனில் டைக்ளோபெனக் டொக்டரின் துண்டு இல்லாமல் தரமாட்டார்கள். இங்கே கேட்டவுடன் கவுண்டரில் எடுத்துத் தருகிறார்கள். மருந்து ஒன்றுதானே? அங்கே ஆபத்து, இங்கே ஆபத்து இல்லையா?

#3 — பொதுமருத்துவர்_கொ7

மருந்து ஒன்றுதான், சுதா. ஆபத்தும் ஒன்றுதான். சொல்லப்போனால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூட.

2004 செப்டெம்பரில் வயோக்ஸ் என்ற ரோஃபெகொக்சிப், கொக்சிப் வகை நோக்குளிசை, உலகச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மாரடைப்பைக் கூட்டியது காரணம். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தின் பழைய மருந்துகளையும் இதயக் கோணத்தில் திரும்பப் பார்த்தார்கள். இந்தக் குளிசைகள் எல்லாம் அடைப்பது அழற்சியைத் தூண்டும் கொக்ஸ் என்ற நொதியை; டைக்ளோபெனக் அதில் இரண்டாவது வகையை அதிகமாக அடைக்கும் மருந்து. இந்த விடயத்தில் அது கொக்சிப்களுக்குக் கிட்டவே நிற்கிறது என்று தெரியவந்தது. 2013இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வின் கணக்கு இது: நடுத்தர இதய ஆபத்து உள்ள 1000 பேர் நாளுக்கு 150 மி.கி. டைக்ளோபெனக்கை ஒரு வருடம் எடுத்தால், எடுக்காதவர்களைவிடச் சுமார் 3 பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும். அதில் ஒன்று மரணம். நப்ரொக்சன் நாளுக்கு 1000 மி.கி. எடுத்தவர்களில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. வயிற்றில் இரத்தம் கசிவது மட்டும் நப்ரொக்சனில் கூட.

அதே 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பாரிசவாதம், கால் நாடி அடைப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோபெனக் கூடாது என்றது. 2015 ஜனவரியில் பிரித்தானியா டைக்ளோபெனக் குளிசையைத் துண்டுக்கு மட்டும் என்று மாற்றியது. அதுவரை 12.5 மி.கி. குளிசை அங்கும் கவுண்டரில் இருந்தது.

இனி நம் பக்கம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி. சலரோகமும் நம்மில் அதிகம். இதயத்துக்குக் கூடுதலாகப் பயப்பட வேண்டிய பிரதேசத்தில், இதயத்துக்குக் கூடுதலாக ஆகாத குளிசை கச்சான் வாங்குவது போல் கைமாறுகிறது. இதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. மலிவு, பழக்கம், விற்பனை, அவ்வளவுதான். 2013இல் 100 நாடுகளின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்களைப் பார்த்தபோது டைக்ளோபெனக் 74 பட்டியல்களில் இருந்தது, நப்ரொக்சன் 27இல் மட்டும்.

எற்றோரிகொக்சிப்பும் இந்தக் கதைதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007இல் அதற்கு அனுமதி மறுத்தது. இங்கும் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் கிடைக்கிறது. 140/90க்கு மேல் பிரஷர் அடங்காமல் இருப்பவர் அதைத் தொடவே கூடாது. 120 மி.கி. குளிசை கவுட் என்ற யூரிக் அமில மூட்டுநோயின் கடும் வலிக்கு மட்டும், அதுவும் 8 நாளுக்கு மேல் இல்லை. மூட்டுநோவுக்கு மாதக்கணக்கில் 120 விழுங்குவது தவறு.

#4 — சென்னை_ஃபார்மா

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து உங்களுக்கு வந்து சேரும் மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம்.

இந்தியாவில் வலி மாத்திரை தனி மருந்தாக வருவது குறைவு. அசெக்ளோஃபெனாக் 100 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி., அதோடு செராஷியோபெப்டிடேஸ் என்று மூன்றும் சேர்ந்த மாத்திரைதான் பல மருந்துச்சீட்டுகளில் இருக்கும். அசெக்ளோஃபெனாக்கில் ஒரு பங்கு உடலுக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. ஆகவே மேலே டாக்டர் சொன்ன இதய எச்சரிக்கை அப்படியே அதற்கும் பொருந்தும். அதை எடுத்துக்கொண்டே உங்கள் ஊர் பனடோலை இரண்டிரண்டாகப் போட்டால் பாராசிட்டமால் கணக்கு மறைமுகமாக ஏறும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் எல்லை. ஒல்லியானவருக்கும் தினமும் மது குடிப்பவருக்கும் அதற்கும் கீழே நிற்க வேண்டும்.

செராஷியோபெப்டிடேஸ் வீக்கத்தைக் கரைக்கும் என்று கொடுக்கிறார்கள். அது முதலில் புழக்கத்துக்கு வந்தது ஜப்பானில். அங்கே மறுபடி சோதித்ததில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை என்று தெரிந்து, 2011இல் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தியாவில் இன்னமும் ஓடுகிறது.

அளவு சரியில்லாத கூட்டுமாத்திரைகள் மேல் இங்கும் நடவடிக்கை உண்டு. 2024 ஆகஸ்டில் 156 கூட்டுமருந்துகளைத் தடைசெய்தார்கள். அசெக்ளோஃபெனாக் 50 மி.கி. + பாராசிட்டமால் 125 மி.கி. மாத்திரை அந்தப் பட்டியலில் இருக்கிறது. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011லேயே தடை. கல்லீரலைத் தாக்குவதால் ஃபின்லாந்தும் ஸ்பெயினும் 2002இல் அதைக் கைவிட்டன. அமெரிக்காவில் அது அனுமதி பெற்றதே இல்லை. வீட்டில் பழைய நிமெசுலைடு சிரப் கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

மாதவிடாய் வலிக்கு மெஃபெனமிக் அசிட் + டைசைக்ளோமின் மாத்திரை இங்கே பெண்களின் கைப்பையில் எப்போதும் இருக்கும். 2023 கடைசியில் இந்திய மருந்துக் குறியீட்டு ஆணையம் மெஃபெனமிக் அசிட் பற்றி எச்சரித்தது. அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்பு மூன்றும் சேர்ந்த ஒவ்வாமை வரும். தொடங்கிச் சில வாரம் கழித்தும் வரலாம். தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

#5 — வார்ட்_தாதி

இவ்வளவும் சரி. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு டெங்கு பற்றிப் பேசாமல் இந்த இழையை விட முடியாது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஐபுபுரூஃபன் சிரப் கொடுப்பது சாதாரணம். அங்கே டெங்கு இல்லை. அதே சிரப்பைச் சூட்கேசில் கொண்டுவந்து மே, ஜூன் மழையில் இங்கே கொடுக்கக் கூடாது. 2017இல் மட்டும் இந்த நாட்டில் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். கொழும்பு மாவட்டத்தில் எந்தக் காய்ச்சலையும் முதலில் டெங்கு என்றே நினைக்க வேண்டும்.

ஏன் கூடாது? டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. இந்தக் குளிசைகள் மிஞ்சியிருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்யாமல் ஆக்கி, இரைப்பைச் சுவரின் காப்பையும் எடுத்துவிடும். இரத்தக் கசிவு உள்ளே தொடங்கினால் வெளியே தெரியாது. இன்னொன்று: இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் இருக்கும். டைக்ளோபெனக் சப்போசிட்டரி வைத்துக் காய்ச்சலை வலுக்கட்டாயமாக இறக்கினால், காய்ச்சல் தானாக இறங்கியதா மருந்தால் இறங்கியதா என்றே தெரியாமல் போகும். நாங்கள் வார்டில் அந்த நேரத்தை வைத்துத்தான் சேலைன் கணக்குப் போடுகிறோம். சப்போசிட்டரி 'குளிசை இல்லைதானே' என்று நினைக்க வேண்டாம். பின்வழியாக வைத்தாலும் இரத்தத்தில்தான் கலக்கிறது.

பரசிற்றமோல் மட்டும். உடல்நிறை கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவை 120 முதல் 180 மி.கி. வரும். பரசிற்றமோல் கொடுத்தும் காய்ச்சல் முழுதாக விடாவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடையுங்கள். டோஸைக் கூட்டாதீர்கள்.

இங்கேதான் நாடு மாறினால் பெரிய பிழை வருகிறது. நம்மூர் பரசிற்றமோல் சிரப்பில் 5 மி.லீ.க்கு 120 மி.கி. இருக்கும். இந்தியாவில் 125உம் உண்டு, 250உம் உண்டு. பிரித்தானியாவில் சின்னப் பிள்ளைகளுக்கு 120, ஆறு வயதுக்கு மேல் 250. அமெரிக்காவில் 160. கனடாவின் குழந்தைத் துளிகளோ ஒரு மி.லீ.யிலேயே 80 மி.கி.; அதைத் தேக்கரண்டியால் 5 மி.லீ. கொடுத்தால் 400 மி.கி. போய்விடும். 12 கிலோப் பிள்ளைக்கு அது உச்ச டோஸின் இருமடங்குக்கும் மேல். போத்தலில் எழுதியிருப்பதைப் படித்து மி.லீ. கணக்குப் போடுங்கள். அளவுக்கு அதனோடு வந்த சிரிஞ்சை எடுங்கள், சமையலறைக் கரண்டியை எடுக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் முதல் நாளே காட்ட வேண்டும். விடாத வயிற்றுக்குத்து, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, பல்முரசில் இரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

#6 — கொட்டாஞ்சேனை_ரவி

அக்கா, சிக்குன்குன்யா வந்தால்? மூட்டுநோவுக்குப் பனடோல் காணாதே. 2025இல் இங்கே பரவியபோது எல்லாரும் டைக்ளோபெனக்தான் எடுத்தார்கள்.

#7 — வார்ட்_தாதி

காணாதுதான், தம்பி. ஆனால் முதல் நாட்களில் டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் நோவை வைத்து மட்டும் பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். டெங்கு இல்லை என்று பரிசோதனையில் உறுதியாக வேண்டும், அல்லது காய்ச்சல் விட்டு முழுதாக 48 மணித்தியாலம் போய், எச்சரிக்கை அறிகுறி ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை பரசிற்றமோல். அதன் பிறகு வாரக்கணக்கில் இழுக்கும் மூட்டுநோவுக்கு நோக்குளிசை எடுக்கலாம், ஆள் யார் என்று பார்த்து.

#8 — சிறுநீரகப்_பிரிவு

'ஆள் யார்' என்பதில் ஒரு கூட்டத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: பிரஷருக்கு லொசார்டன் அல்லது எனலாப்ரில், அதோடு தண்ணி போகும் குளிசை, அதாவது ஹைட்ரோகுளோரோதயசைட் அல்லது ஃபுருசமைட் எடுப்பவர்கள். கொழும்பில் 60 வயதுக்கு மேல் இது சர்வசாதாரணம்.

சிறுநீரகத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் குழாயை விரித்து வைப்பது உடலே சுரக்கும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். நோக்குளிசை அதை நிறுத்துகிறது, உள்வாசல் சுருங்குகிறது. லொசார்டன் வெளிவாசலைத் திறந்துவிடுகிறது. தண்ணிக் குளிசை உடலில் உள்ள நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே இல்லாமல் போகும். வயிற்றோட்டமோ வாந்தியோ வெயிலில் வியர்த்த நாளோ இதோடு சேர்ந்தால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் சில நாட்களிலேயே எகிறிவிடும். ரொறன்ரோ அலீவ் ஆனாலும் கொழும்பு டைக்ளோபெனக் ஆனாலும் இந்த விடயத்தில் வித்தியாசம் இல்லை. நப்ரொக்சன் இதயத்துக்குச் சற்று மேல் என்பதால் சிறுநீரகத்துக்கும் மேல் என்று எண்ணிவிடக் கூடாது.

வயல் வேலை செய்யும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலில் உடம்பு அடித்துப் போட்டது போல் நோகும், கெண்டைக்கால் தசை கடுமையாக நோகும், அதற்கென்று டைக்ளோபெனக் எடுப்பார்கள். எலிக்காய்ச்சலே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக உள்ள இடங்களிலும் இதே கவனம் வேண்டும்.

#9 — எலும்புமூட்டு_மருத்துவர்

எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு மறுப்பு. டைக்ளோபெனக்கைப் பேயாக்க வேண்டாம். சிறுநீரகக் கல் குத்தலுக்கு ஊசியாகப் போடும் 75 மி.கி. டைக்ளோபெனக் மிக நன்றாக வேலை செய்யும். முதுகெலும்பு இறுகும் அழற்சி நோயில் இந்தக் குடும்பம்தான் முதல் மருந்து. பரசிற்றமோல் அழற்சியைத் தொடவே தொடாது. 35 வயது, இதயம், சிறுநீரகம், வயிறு எல்லாம் சரியான ஒருவர் கால் பிசகி 3 நாள் 50 மி.கி. வீதம் எடுப்பதற்கும், 68 வயதில் ஸ்டென்ட் போட்டவர் முழங்கால் நோவுக்கு ஆறு மாதம் எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இங்கே பிழைக்கும் இடங்கள் வேறு. உறையிட்ட 50 மி.கி. குளிசை இரைப்பையில் கரையாது, சிறுகுடலில்தான் கரையும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு எடுத்தால் வேலை செய்யத் தொடங்க மணித்தியாலங்கள் ஆகலாம். அது தெரியாமல் 'கேட்கவில்லை' என்று இன்னொன்று போடுகிறார்கள். உடைத்தோ அரைத்தோ விழுங்கவும் கூடாது. உறை இருப்பதால் அல்சர் வராது என்பதும் பிழை. இரத்தம் வழியாக வந்துதான் இரைப்பைக் காப்பைக் கெடுக்கிறது. ஊசியும் அப்படித்தான். 65 வயதுக்கு மேல், முன்பு அல்சர் வந்தவர், அஸ்பிரின் எடுப்பவர் என்றால் ஒமெப்ரசோல் 20 மி.கி.யைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் சேர்க்க வேண்டும். அமிலம் நீக்கும் பால்மருந்து எரிவை அடக்கும், அல்சரைத் தடுக்காது.

டிஸ்பென்சரியில் நோவுக்கு ஊசி கேட்டு வாங்குபவர்களுக்கு: இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். தசைக்குள் ஆழமாகப் போகாமல் பிழைத்தால் அந்த இடத்துத் தோலும் தசையும் கறுத்து அழுகிப் போவது உண்டு. அரிது, ஆனால் நடக்கிறது.

#10 — தெஹிவளை_சுதா

டிஸ்பென்சரி என்றதும்தான் ஞாபகம். சின்னக் கடதாசிக் கவரில் மூன்று நிறக் குளிசை தருவார்கள், 'சாப்பிட்ட பின் 1 வீதம் 3 வேளை' என்று மட்டும் எழுதி. அதில் நோக்குளிசை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#11 — மருந்தாளர்_கொழும்பு06

நிறத்தை வைத்து முடியாது. ஒரே மருந்து கொம்பனிக்குக் கொம்பனி வேறு நிறத்தில் வரும். கேட்க வேண்டும், அந்த இடத்திலேயே. 'ஒவ்வொரு கவரிலும் மருந்தின் பெயரையும் மி.கி.யையும் எழுதித் தாருங்கள், டொக்டர்' என்று கேட்பது நோயாளியின் உரிமை. இரண்டாவது கேள்வி: 'இதில் டைக்ளோபெனக், ஐபுபுரூஃபன், மெபனமிக் ஏதாவது இருக்கிறதா?' காய்ச்சலுக்கு வாங்கும் கவர் என்றால் இந்தக் கேள்வியை விடவே கூடாது. பெயர் தெரியாத கவரோடு வீட்டிலுள்ள வெளிநாட்டுக் குளிசையைச் சேர்த்து எடுக்க வேண்டாம்.

இதயத்துக்குத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே 75 அல்லது 100 மி.கி., அமெரிக்காவில் 81. அந்த வித்தியாசம் பொருட்டில்லை. ஆனால் அஸ்பிரினுக்கு முன் ஐபுபுரூஃபனை எடுத்தால், தட்டணுவில் அஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது மறித்துவிடும். அஸ்பிரினின் காப்பு வீணாகும். உறையில்லாத அஸ்பிரினை முதலில் எடுத்து, குறைந்தது 30 நிமிடம் கழித்து ஐபுபுரூஃபன். அல்லது ஐபுபுரூஃபன் எடுத்து 8 மணித்தியாலம் கழித்து அஸ்பிரின். உறையிட்ட அஸ்பிரினுக்கு இந்த இடைவெளிக் கணக்கு உதவாது, மருத்துவரைக் கேளுங்கள்.

#12 — கொட்டாஞ்சேனை_ரவி

நம் உடல்வாகு வேறு, வெள்ளைக்காரர் உடல்வாகு வேறு, அதனால்தான் மருந்தும் வேறு என்று சிலர் சொல்கிறார்களே?

#13 — பொதுமருத்துவர்_கொ7

கொஞ்சம் உண்மை உண்டு. இந்தக் குளிசைகளில் பலவற்றை ஈரலில் உடைக்கும் சி.வை.பி.2சி9 என்ற நொதி, மரபு காரணமாகச் சிலரில் மந்தமாக வேலை செய்யும். அவர்களுக்கு செலிகொக்சிப், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்த மரபு எல்லா மக்களிலும் இருக்கிறது. ஜப்பானில் லொக்சொப்ரொஃபென், பிரித்தானியாவில் நப்ரொக்சன், இங்கே டைக்ளோபெனக் என்று ஆனதற்கு அது காரணம் இல்லை. எந்த நாட்டில் எது முதலில் வந்தது, எது மலிவு, எதற்குத் துண்டு வேண்டும் என்பதுதான்.

#14 — எலும்புமூட்டு_மருத்துவர்

முழங்காலும் கைவிரலும் மட்டும் நோகும் வயதானவர்களுக்கு ஜெல்லை முதலில் பார்க்கலாம். டைக்ளோபெனக் ஜெல்லிலிருந்து இரத்தத்தில் சேர்வது குளிசையில் சேர்வதில் 6 சதவீதம் அளவுதான். அமெரிக்காவில் 1% ஜெல் 2020இலிருந்து துண்டில்லாமல் கிடைக்கிறது. அங்கே பெட்டிக்குள் அளவு அட்டை வரும்: முழங்காலுக்கு ஒரு தடவை 4 கிராம், கைக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு தடவை. இங்கே பலர் பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டு 'வேலை செய்யாது' என்கிறார்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரைக் கிராம். முழங்காலுக்கு அப்படி எட்டு வேண்டும். ஒரு வாரமாவது தொடர்ந்து பூச வேண்டும். மேலே சூடு வைக்கவோ இறுக்கிச் சுற்றவோ வேண்டாம், வெடிப்புள்ள தோலில் பூச வேண்டாம். கர்ப்பம் 20 வாரம் தாண்டியிருந்தால் குளிசையைப் போலவே ஜெல்லையும் மருத்துவரைக் கேட்காமல் பூசக் கூடாது.

#15 — தெஹிவளை_சுதா

ஜெல்லுக்குப் பதில் வீட்டில் இருக்கும் தைலம் பூசினால்?

#16 — மருந்தாளர்_கொழும்பு06

கற்பூரம், மென்தோல் உள்ள தைலம் தோலைக் குளிரவோ சுடவோ வைத்து நோவை மறக்கச் செய்யும், உள்ளே அழற்சியைக் குறைக்காது. சுகமாக இருந்தால் பூசலாம். லேபிளில் மெதில் சலிசிலேற் அல்லது வின்டர்கிரீன் எண்ணெய் என்று இருந்தால் மட்டும் கவனம்: அது அஸ்பிரினின் உறவு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் எடுப்பவர் அதை நாளும் பொழுதும் இரு முழங்காலிலும் தேய்த்தால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி இரத்தம் கசியலாம். அப்படிப்பட்டவர் ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் அடுத்த ஐ.என்.ஆர். திகதிவரை காத்திராமல் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தைலப் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.